சில்க்சாங்: ஆறரை ஆண்டு காத்திருப்பு, 10 மொழிகள், தமிழ் மட்டும் இல்லை

2025 செப்டம்பர் 4. ஸ்டீம், நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என ஆன்லைன் கேம் கடைகள் எல்லாம் கொஞ்ச நேரம் திணறிப்போயின. காரணம் ஒரே ஒரு கேம்: 'ஹாலோ நைட்: சில்க்சாங்'. விலை 20 டாலர். ஸ்டீமில் மட்டும் முதல் நாளே, ஒரே நேரத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் ஆடினார்கள். இதை உருவாக்கியது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான்.

எந்த மாதிரி கேம் இது?

இந்த வகைக்கு 'மெட்ராய்ட்வேனியா' என்று பெயர். 'மெட்ராய்ட்' (1986), 'காசில்வேனியா' என்ற இரண்டு பழைய கேம்களின் பெயரை ஒட்டவைத்த சொல். மரியோ போல மேடை மேடையாகத் தாவ வேண்டும். ஆனால் இடமிருந்து வலமாக ஓடி முடிக்கிற லெவல் கிடையாது. மொத்த உலகமும் ஒரே பெரிய வீடு மாதிரி. சில கதவுகள் இப்போது திறக்காது, சில மேடைகள் எட்டாது. பல மணி நேரம் கழித்துப் புதுத் திறன் ஒன்று கிடைக்கும். அப்போதுதான், 'அட, அந்த இடத்துக்கு இப்போ போகலாமே' என்று பொறி தட்டும். இந்த வகையின் சுகமே அந்த ஒரு நொடிதான்.

போகும் வழியை அம்புக்குறி போட்டு யாரும் காட்ட மாட்டார்கள். மேப்பைக்கூட காசு கொடுத்துத்தான் வாங்கணும். காசு என்றால் இங்கே ஜெபமாலை மணிகள். செத்தால் கையிலிருந்த மணிகள் அங்கேயே கிடக்கும். போய் எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போச்சு.

முதல் பாகத்தில் (2017) ஹாலோனெஸ்ட் என்ற அழிந்த பூச்சி ராஜ்ஜியத்துக்குள் கீழே கீழே இறங்கினோம். இதில் ஹார்னெட் என்ற நாயகி, ஃபார்லூம் என்ற நாட்டின் உச்சிக்கு ஏறுகிறாள்.

ஏன் இவ்வளவு தாமதம்?

முதல் பாகத்துக்கு கிக்ஸ்டார்ட்டரில் திரண்டது 57,000 ஆஸ்திரேலிய டாலர் சொச்சம். அதே ரசிகர்களுக்கு இலவச இணைப்பாகத் தர நினைத்த ஹார்னெட் கதை வளர்ந்துகொண்டே போனது. 2019 பிப்ரவரியில் தனி கேமாக அறிவித்தார்கள். பிறகு, சேர்க்கச் சேர்க்க சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான் என்கிறார்கள் ஆரி கிப்சனும் வில்லியம் பெல்லனும்.

ரொம்ப கஷ்டமா?

ஆமாம். ஆரம்பத்திலேயே பல எதிரிகளின் ஒரு அடிக்கு இரண்டு உயிர் போகும். புகார்கள் குவியவே, சில நாட்களில் வந்த அப்டேட்டில் தொடக்கப் பகுதியைச் சற்று எளிதாக்கினார்கள். கம்ப்யூட்டர் பெரிதாக வேண்டாம், குறைந்தது 4 ஜிபி ரேம் போதும். போனுக்கு வரவில்லை.

மொழிதான் சிக்கல்

கதாபாத்திரங்கள் எழுப்புவது கற்பனை ஒலிகள். அர்த்தம் எழுத்தில்தான் ஓடும். வழிக்கான குறிப்புகளும் அந்த எழுத்துக்குள்தான். 10 மொழிகளில் வெளியான கேமில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை.

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையைத் தாண்டியதும் கடைப்பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும், ஆனால் பாறசாலை வரை, அதற்கு அப்பாலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. இரண்டு மொழியிலும் புழங்குகிற அவர்களும் இந்தக் கேமை ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும்.

மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா? சீனாவைப் பாருங்கள். எளிய சீன எழுத்தில் வந்த மொழிபெயர்ப்பு, செயற்கையான பழைய நடையில் புரியாமல் இருப்பதாக ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். உலகமே கொண்டாடிய கேமுக்கு, முதல் வாரத்தில் ஸ்டீமின் சீன விமர்சனங்களில் எதிர்மறையே அதிகம். சரிசெய்வதாக டீம் செர்ரி சொல்ல வேண்டியதாயிற்று.

தமிழிலும் இதே ஆபத்து இருக்கிறது. கேமில் ஓய்வெடுத்து, ஆட்டத்தைச் சேமிக்கும் இடம் ஒரு பெஞ்ச். அதை 'விசிப்பலகை' என்று யாராவது எழுதிவைத்தால்? பாறசாலை ரயில்வே ஸ்டேஷனில் தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் அது பெஞ்ச்தான்.