வாள் தோற்றது, ஏடு வென்றது!

பீரங்கி ஓய்ந்தால் போர் ஓய்ந்துவிடும் என்று எண்ணுவோர், அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும். 1861இல் மூண்டு 1865இல் முடிந்தது அங்கு நடந்த உள்நாட்டுப் போர். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அது விழுங்கிற்று; ஏறத்தாழ நாற்பது இலட்சம் கறுப்பின மக்களின் விலங்கை முறித்தது. களத்திலே தென்மாநிலங்கள் தோற்றன. ஆனால், கருத்துலகிலே? அங்கேதான் தோற்றவர் வென்றனர்!

எதற்காக மூண்டது அப்போர்? பிரிந்து சென்றோரே விடை பகர்ந்துள்ளனர். தன் நிலை அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று, மிசிசிப்பி மாநிலம் 1861இல் அறிக்கை விடுத்தது. தென்கூட்டரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் சவன்னா நகரில் பேசினார். வெள்ளையருக்குக் கறுப்பர் நிகரல்லர் என்னும் கொள்கையே புதிய அரசின் மூலைக்கல் என்று முழங்கினார். மறைப்பு இல்லை, மழுப்பல் இல்லை!

தோல்வி வந்தது, பேச்சும் மாறிற்று. அடிமைக்காகவா போரிட்டோம்? இல்லை, மாநில உரிமைக்காக, மண்ணின் மானத்துக்காக என்றனர்! ரிச்மண்டு நகரத்து இதழாளர் எட்வர்டு போலார்டு 1866இலேயே 'இழந்த இலட்சியம்' என்று தம் நூலுக்குப் பெயர் சூட்டினார். அப்பெயரே ஒரு தத்துவமாயிற்று. ஆண்டை அன்பின் உருவானான். அடிமை மகிழ்ச்சியில் திளைத்தவனானான். சவுக்கு மட்டும் கதையிலிருந்து காணாமற்போயிற்று!

இந்தக் கட்டுக்கதையைப் பிஞ்சு நெஞ்சங்களிலே பதித்தது எது? பள்ளிப் பாடநூல்! 1894இல் தோன்றிய 'தென்கூட்டரசின் புதல்வியர் சங்கம்' என்னும் மகளிர் அமைப்பு அதற்கெனவே அயராது உழைத்தது. அதன் வரலாற்றுப் பொறுப்பாளராயிருந்த மில்ட்ரெட் ரூதர்ஃபோர்டு, பாடநூல்களை அளந்து பார்க்க ஒரு கையேடே எழுதினார். அடிமைகளைக் காக்கவே போர் நடந்தது என்று கூறும் நூலா? தள்ளுக! ஆண்டையைக் கொடியவன் என்னும் நூலா? தள்ளுக! இதுவே அவர் வகுத்த இலக்கணம். உண்மையை எரிக்கத் தீ தேவையில்லை, பாடத்திட்டமே போதும்.

ஏட்டுக்குத் துணையாக எழுந்தது கல். படைத்தலைவர் இராபர்ட் லீயின் மாபெரும் சிலை ரிச்மண்டில் நிறுவப்பட்டது 1890இல், அதாவது போர் முடிந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னர்! அதே 1890இல்தான் மிசிசிப்பி, வாக்கு வரியும் எழுத்தறிவுத் தேர்வும் விதித்துக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கும் அரசியல் சட்டத்தை இயற்றிற்று. சிலை ஒரு கையில். சட்டம் மறு கையில். மாண்டவரை நினைக்க மட்டுமா எழுந்தன அச்சிலைகள்? வாழ்வோரை மிரட்டவும் எழுந்தன!

கதை வெறுங்கதையாய் நின்றதா? 1960களின் தொடக்கத்தில், கறுப்பின மக்களின் உரிமைக் கிளர்ச்சி கனன்ற நாளிலே, தென் கரோலினாவின் ஆட்சி மாளிகை உச்சியில் தென்கூட்டரசின் போர்க்கொடி ஏற்றப்பட்டது. 2015 சூன் 17 அன்று அம்மாநிலத்தின் சார்ல்சுடன் நகரத் தேவாலயம் ஒன்றில், இனவெறியன் ஒருவன் ஒன்பது கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றான். அவன் அக்கொடியை ஏந்தி நின்ற படங்கள் வெளிப்பட்டன. அதன் பின்னரே, மாளிகை வளாகத்தில் எஞ்சியிருந்த அக்கொடி இறங்கிற்று. மிசிசிப்பி தன் மாநிலக் கொடியிலிருந்து அச்சின்னத்தை 2020இல் அகற்றியது. ரிச்மண்டின் லீ சிலை 2021இல் பெயர்க்கப்பட்டது. எனினும், 2025ஆம் ஆண்டிலும் அலபாமாவும் மிசிசிப்பியும் மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளையும் லீயின் பிறந்தநாளையும் ஒரே விடுமுறையாகக் கொண்டாடின. விலங்கை உடைக்க உயிரீந்தவருக்கும், விலங்கைக் காக்கப் படை நடத்தியவருக்கும் ஒரே மாலை! என்னே விந்தை!

இது தொலைதூரத்துக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டா. பூனாவில் வாழ்ந்த சோதிராவ் பூலே, சாதிக் கொடுமையைச் சாடி 1873இல் 'குலாம்கிரி' என்னும் நூலை வெளியிட்டார். அடிமைத்தனம் என்பதே அதன் பொருள். அந்நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குத் தன்னலமின்றிப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே அவர் காணிக்கையாக்கினார். அங்கே உடைந்த விலங்கின் ஓசை, இங்கே பிறப்பால் தாழ்த்தப்பட்டோரின் செவியிலும் விழுந்தது!

விலங்கை உடைத்தல் பாதிப் பணியே. அது விலங்கன்று, அணிகலனே என்று ஓதும் ஏட்டைத் திருத்துவதே மீதிப் பணி. அப்பணியைச் செய்யாத நாட்டில், முடிந்த போர் முடிவதே இல்லை!