நாய் நின்ற வாசல்



தோட்டத்தில் ஒரு களவோ கொலையோ நடந்தால் பொலிஸ் நாய் வரும். லயமே திரண்டு நின்று பார்க்கும். நாய் எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டாருக்கு அன்றே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வழக்கெல்லாம் பிறகுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் வரலாற்றோடு பேசுவோம்.

சடலம் தேடுவதற்கென்றே நாயைப் பழக்கியது அண்மைக் காலத்தில்தான். 1974இல் நியூயோர்க் மாநிலப் பொலிஸார் 'பேர்ல்' என்ற லாப்ரடோர் நாயைப் பழக்கினார்கள். நான்கடி ஆழத்தில் புதைக்கப்பட்ட உடலை அது கண்டுபிடித்தது.

ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2008இல் வெளியாயின. இறந்து சில மணித்தியாலங்களே ஆன உடலின் கீழ் கம்பளத் துண்டுகளை வைத்து எடுத்தார்கள். பத்து நிமிடம் வைத்த துண்டுகளை நாய்கள் 98 வீதம் சரியாக இனங்கண்டன. இரண்டு நிமிடம் வைத்தவற்றில் அது 86 வீதமாகக் குறைந்தது.

அதே 2008இல் ஜேர்சி தீவில் ஒரு பழைய சிறுவர் இல்லத்தில், 'எடி' என்ற நாய் காட்டிய இடத்தைத் தோண்டினார்கள். கிடைத்த துண்டு பிள்ளையின் மண்டையோடு என்று உலகமே பதறியது. ஆய்வுகூடம் சொன்னதோ வேறு: அது எலும்பே இல்லை, மரத்துண்டாகவோ சிரட்டையாகவோ இருக்கலாம்!

2011இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கலிபோர்னியாவில் போதைப்பொருள், வெடிபொருள் தேடும் 18 நாய்களைச் சோதித்தார்கள். எங்கும் எதையும் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் இருக்கிறது என்று பயிற்றுநர்களை நம்ப வைத்தார்கள். பெரும்பாலான தேடல்களில் நாய் "காட்டியதாக" அவர்கள் சொன்னார்கள். மனிதரின் எண்ணம் கயிறு வழியே நாய்க்கும் போகிறது.

இதனால் நாயைக் குறைத்துப் பேசவில்லை. குகைவாசிகளோடு இருந்த நாயைக் குர்ஆனே குறிப்பிடுகிறது. 2020 ஓகஸ்ட் மாதம் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மண்சரிந்து, எங்களைப் போன்ற தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் புதைந்தன. பயிற்சியே இல்லாத 'குவி' என்ற வீட்டு நாய்தான் தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலைக் காட்டிக் கொடுத்தது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் புதைந்தவர்களில் பலரின் உடல் கிடைக்கவேயில்லை. அடக்கம் செய்ய ஓர் உடல் கிடைப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று மலையகத்துக்குத் தெரியும்.

ஆனால் நாய் சொல்வது "இங்கே தேடுங்கள்" என்பது மட்டுமே. யார் செய்தது, எப்போது செய்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சாட்சியமும் ஆய்வுகூடமும் நீதிமன்றமும் சொல்லட்டும்.

தீர விசாரிக்காமல் ஒருவர் மீது பழி போடுவதை எந்த மார்க்கமும் ஏற்பதில்லை. அடுத்த முறை ஒரு வாசலில் நாய் நின்றால், நாம் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வோம். அந்த வீட்டுப் பிள்ளையும் நாளைக்கு நம் பிள்ளைகளோடுதான் பாடசாலைக்கு வரவேண்டும்.