கடலை மாவில் தங்கிய பழைய கடலை

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தில் மளிகைக் கடையில் கடலை எண்ணெய் கேட்டால் வேர்க்கடலையில் ஆட்டியது கிடைக்கும். கடலை மாவு கேட்டால் கிடைப்பதற்கும் வேர்க்கடலைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை; அது கொண்டைக்கடலையின் தோல் நீக்கி, உடைத்து அரைத்த மாவு. கடலை மிட்டாய் அந்தக் கடலை, கடலைப் பருப்பு இந்தக் கடலை. பக்கத்தில் நிற்பவர் தெலுங்கில் கேட்டாலும் இதே கதைதான். செனகபிண்டி என்றால் கொண்டைக்கடலை மாவு. செனக்காய் என்றால் வேர்க்கடலை. வாங்குபவரும் குழம்புவதில்லை, விற்பவரும் குழம்புவதில்லை. ஆனால் ஒரே சொல் எப்படி இரண்டு பயிர்களைச் சுமக்க நேர்ந்தது?

இரு மொழியும் புழங்கும் மண் இது. ஊர்ப் பெயரிலேயே அது தெரியும். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில்; பழந்தமிழில் அதுவே வெதிர். குப்பம் என்றால் சிற்றூர். சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்தது. அதன் பெரும்பகுதி அதுவரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. சொற்களின் கொடுக்கல் வாங்கல் அதற்கும் வெகு காலம் முந்தியது.

கடலையில் மூத்தது கொண்டைக்கடலைதான். 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பிள்ளையாருக்குப் படைக்கும் பண்டங்களைத் திருப்புகழில் அடுக்கிக்கொண்டே போகிறார். அந்த வரிசையில் பிட்டு உண்டு, பயறு உண்டு, கடலையும் உண்டு. அது வேர்க்கடலையாக இருக்க வழியில்லை. வேர்க்கடலை தென் அமெரிக்காவில் பிறந்த செடி. 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகே அது அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியேறியது. தமிழில் கடலை, கன்னடத்தில் கடலெ, மலையாளத்தில் கடல என்று தென்னாடு முழுக்கப் பரவிய சொல் இது. தெலுங்கு மட்டும் வடமொழிச் சணகத்தைச் செனகவாக்கிக்கொண்டது. இந்தியின் சனாவும் அந்த வேரில் முளைத்ததுதான்.

புதுச்செடி வந்தபோது அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. மண்ணுக்குள் காய்க்கிறது, உள்ளே பருப்பு, வறுத்துக் கொறிக்கலாம். தமிழர் வேர்க்கடலை என்றார்கள், நிலக்கடலை என்றார்கள். தெலுங்கர் வேருசெனக என்றார்கள். கன்னடத்தில் கடலெகாயி ஆயிற்று. பெங்களூர் பசவனகுடியில் கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்களன்று கூடும் பரிஷெ என்ற சந்தை இந்தக் கடலெகாயிக்காகத்தான். சித்தூரைச் சுற்றியுள்ள மூன்று மொழிகளும் ஒரே பழைய பருப்பை நினைத்துப் பெயரிட்டன. வடக்கே பாசிப்பயற்றை நினைத்தார்கள். இந்தியில் மூங்ஃபலி என்றால் பாசிப்பயற்றுக் காய். தென்னார்க்காட்டில் வழங்கும் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்ற பெயர்களோ, பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலாவை நினைவுபடுத்துகின்றன.

பிறகு வேர் என்ற அடைமொழி உதிர்ந்தது. காரணம் நிலத்தில் இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் செம்மண். மானாவாரியாக விதைத்தால் வேர்க்கடலை ஒத்துழைக்கும். கொண்டைக்கடலைக்குக் கரிசல் வேண்டும், ஈரம் பிடித்து வைக்கிற மண்ணும் பனிக்காலக் குளிரும் வேண்டும். அது கர்னூல், பிரகாசம் மாவட்டங்களின் பயிர். தினமும் கண்ணில் படும் பயிர் வெறும் ‘கடலை’யாகிவிட, மூத்த கடலை ‘கொண்டை’ என்ற அடைமொழியைத் தான் சூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தச் செடிக்கு நேர்ந்த இழப்பாகவே இதைக் கருதுகிறேன். மாவும் பருப்பும் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த அடைமொழியும் இல்லாமல் கடலை இன்றும் கொண்டைக்கடலையாகவே நிற்பது அந்த இரண்டு பெயர்களில்தான்.

அந்த மாவுக்கு இந்த வட்டாரத்தில் கிடைக்கும் மதிப்பை அறியத் திருமலை மடைப்பள்ளியைப் பார்த்தால் போதும். லட்டுக்கான பொருள் அளவுக் கணக்கைத் திட்டம் என்கிறார்கள். 5,100 லட்டுகளுக்கு 180 கிலோ கடலை மாவு, 400 கிலோ சர்க்கரை, 165 கிலோ நெய். முந்திரி, திராட்சை, கற்கண்டு, ஏலக்காய் தனி. இதே மாவு எண்ணெயில் பஜ்ஜியாகும், நெய்யில் மைசூர்பாகாகும். ஆவியில் வெந்தால்?

குஜராத்தின் டோக்ளாவைப் பலரும் அப்படித்தான் அறிவார்கள். 1066-ஆம் ஆண்டுச் சமண நூல் ஒன்றில் துக்கியா என்ற பருப்புப் பண்டம் வருகிறது. டோக்ளா என்ற பெயரே 1520-இல் ஒரு குஜராத்தி நூலில் இடம்பெறுகிறது. ஆனால் நம் ஊர் இனிப்புக்கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் மஞ்சள் துண்டு பெரும்பாலும் கமண். அரிசியும் கடலைப் பருப்பும் ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்தது டோக்ளா. கடலையை மட்டும் கொண்டு செய்வது கமண். கடலைக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருக்கிறது: பெயர் பக்கத்துப் பண்டத்தின் மீது போய் உட்கார்ந்துவிட்டது.

வீட்டில் செய்ய இட்லிப் பானை போதும். ஒரு கோப்பை கடலை மாவைச் சலித்து, முக்கால் கோப்பைத் தண்ணீர், இஞ்சி பச்சைமிளகாய் விழுது, உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, சிறிது எண்ணெய் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். பானையில் தண்ணீர் கொதித்து, தட்டில் எண்ணெய் தடவி வைத்த பிறகே ஒரு தேக்கரண்டி ஈனோ. அதிலுள்ள சோடாவும் புளிப்பும் சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்பும். மாவு நுரைத்து எழும்போதே ஊற்றி மூடிவிட வேண்டும். தாமதித்தால் காற்று போய்ச் சப்பையாகிவிடும். கால் மணி நேரம் வேகட்டும். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். சோடா மிஞ்சினால் மஞ்சள் சிவந்து திட்டுத் திட்டாகத் தெரியும். கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் தாளித்து, அதில் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் துண்டுகள் மீது ஊற்றினால் உள்ளே இறங்கும். தொட்டுக்கொள்ளச் செனக்காய்ச் சட்னி வைத்தால் இரண்டு கடலையும் ஒரே தட்டில்.

எனக்கு மாவைவிடப் பருப்பை அரைத்துச் செய்வதுதான் பிடிக்கும். நான்கு மணி நேரம் ஊறிய கடலைப் பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து இரவு முழுக்கப் புளிக்கவிட்டு அவித்தால் வாசனையே வேறு. இந்த வழி நமக்கு அந்நியமும் அல்ல. ஊறிய பருப்பை மிளகாயோடு அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, கடுகு தாளித்துப் பீன்ஸோடோ கொத்தவரங்காயோடோ புரட்டுவதுதான் பருப்பு உசிலி. சூரத்தில் கமணை உதிர்த்துத் தாளித்து, மேலே ஓமப்பொடி போன்ற சேவ் தூவிச் சேவ் கமணி என்று விற்கிறார்கள். செய்முறை அதேதான். அவர்கள் மாலையில் அதைக் கொறிக்கிறார்கள். நாம் மதியம் மோர்க்குழம்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறோம்.