‘படிச்சிட்டுக் குடு’

ஆண்டிமடத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு புத்தகம் வந்துவிட்டால், அது முதலில் எந்த வீட்டுப் புத்தகம் என்பது நாலைந்து மாதத்தில் மறந்துபோகும். அட்டை போயிருக்கும். பக்கங்களில் எண்ணெய் விரல்கள் பதிந்திருக்கும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ எனக்கு அப்படித்தான் கிடைத்தது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்ததை யாரோ வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, சாக்குத் தைக்கும் நூலால் தைத்து வைத்திருந்தார்கள். அதை என் கையில் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டு விரல்நுனித் தோல் உரிந்திருக்கும். “இந்தா புள்ள, இதுல ஒரு நாய் வருது. மனுசங்களவிட அதுக்குத்தான் அறிவு ஜாஸ்தி. படிச்சிட்டுக் குடு” என்றார்.

நம் இலக்கிய வரலாறுகள் யார் எழுதினார், எவர் பதிப்பித்தார், எந்த ஆண்டு என்றெல்லாம் சொல்லும். யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்வதில்லை. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. ஊர்களுக்குக் கிளை நூலகங்களும் வந்தன. ஆனால் மாலை நேரத்து நூலக நாற்காலிகளில் ஆண்களே உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு நூலகமாக இருந்தது இந்தக் கைமாற்றுதான். அதில் அதிகம் கைமாறியவை மாயக்கதைகளும் அறிவியல் புனைகதைகளும். ‘பொழுதுபோக்கு’ என்று தமிழ்ப் பாடத்திட்டம் வாசலிலேயே நிறுத்திவைத்த வகை அது.

இந்தக் கைமாற்றுக்குப் பழைய வேர் உண்டு. பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்ற பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிட்ட ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள் திருவிழாக் கடைகளில் விற்றன. ஒரு வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருத்தி வாசிப்பாள். பத்துப் பேர் கேட்பார்கள். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, எல்லாவற்றுக்கும் மேலாக, புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’. மதுரையை ஆள்கிறாள் அல்லி. அவளைச் சுற்றிப் பெண்கள். ஆணுக்கு அங்கே அதிகாரம் இல்லை. அர்ச்சுனனால் அவளை நேரில் வெல்ல முடியவில்லை. பாம்பாக உருமாறிப் புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அல்லி கதையைக் கேட்டு வளர்ந்த பெண்கள் அவளுடைய வீரத்தோடு அந்தத் தூக்கத்தையும் சேர்த்தே கேட்டார்கள். ஒரு பெண்ணின் நாடு அவள் அசந்த நேரத்தில் பறிபோனது.

1905இல் இதற்கு நேரெதிரான ஒரு தூக்கம் சென்னையில் அச்சேறியது. கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து 1901 முதல் நடத்திய ‘தி இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில், ரொக்கையா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ என்ற ஆங்கிலச் சிறுகதை வந்தது. ரொக்கையா வங்காளத்துப் பெண். பெண்ணுக்கு வங்காளமும் ஆங்கிலமும் எதற்கு என்றிருந்த வீட்டில், அக்கா கரீமுன்னிஸாவும் அண்ணன் இப்ராஹிமும் துணைநிற்கக் கற்றவர். கணவர் ஊரில் இல்லாத நாட்களில் பொழுது போகாமல் எழுதிய கதை இது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். திரும்பி வந்த கணவர் நின்றபடியே படித்து முடித்தாராம். பயங்கரமான பழிவாங்கல் என்றாராம்.

கதையில் சுல்தானா சாய்வு நாற்காலியில் கண்ணயர்கிறாள். விழித்தால் பெண்கள் நாட்டில் இருக்கிறாள். அங்கே ஆண்கள் திரைக்குப் பின்னால். பெண்களின் பல்கலைக்கழகங்கள் மேகத்திலிருந்து நீரெடுக்கின்றன. சூரிய வெப்பத்தைச் சேமிக்கின்றன. அந்த வெப்பத்தால்தான் அடுப்பு எரிகிறது, போரும் வெல்லப்படுகிறது. மின்சாரம் வயலை உழுகிறது. அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் பெண்கள் மட்டுமே வாழும் நாட்டை ‘ஹெர்லேண்ட்’ என்று எழுதியது 1915இல். அதற்குப் பத்தாண்டு முன்பே நம் மாகாணத் தலைநகரில் ஒரு பெண் பத்திரிகையாசிரியர் இந்தக் கதையை எடுத்து மற்ற பெண்களிடம் நீட்டியிருந்தார். அதுவும் ஒரு ‘படிச்சிட்டுக் குடு’தான்.

ஆனால் அந்த நீட்டிய கை எங்கள் தெருவரை எட்டவில்லை. ஆங்கிலம் தெரிந்த வீடுகளின் கூடத்தோடு அது நின்றுவிட்டது. தூக்கத்தில் நாட்டை இழந்த அல்லி எங்களிடம் இருந்தாள். தூக்கத்தில் நாட்டைக் கண்ட சுல்தானா வேறு வகுப்பாரிடம் இருந்தாள். இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்க யாரும் இல்லை. முனைவர் பட்டத்துக்குப் பிறகுதான் சுல்தானா என் கைக்கு வந்தாள் என்பதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அந்த இடைவெளியில்தான் நிலா எங்களுக்கு வந்தாள். ‘என் இனிய இயந்திரா’வின் காலம் 2021. பிள்ளை பெறவும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய நாட்டில் வாழ்பவள் நிலா. கருப்பையின் மேல் அரசுக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வியை நான் முதலில் சந்தித்தது பெண்ணியக் கோட்பாட்டு நூலில் அல்ல, சாக்கு நூலால் தைத்த அந்தத் தாள்களில். அடுத்து ‘மீண்டும் ஜீனோ’ வந்தது. அதில் நிலா அரசி. ஆனால் ஆட்டிவைப்பது அவளை அங்கே உட்கார வைத்த ஆண்கள். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் 1996இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஊர் ஊராகப் பெண்கள் தலைவர் ஆனார்கள். பல ஊர்களில் கணவர் பேசினார், மனைவி கையெழுத்திட்டார். அக்கா என்னிடம் சொன்னார்: “நிலாவ ராணியாக்குன மாதிரிதான்.” அரசியல் விமர்சனம் என்று எவரும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை. ஒரு நாவல் போதுமானதாக இருந்தது.

அதனால்தான் தோழிக்கு ஒரு மாயக்கதையைப் பரிந்துரைப்பதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை. இருக்கும் உலகத்தைப் பற்றிப் புகார் சொல்ல நமக்கு நிறைய நூல்கள் உண்டு. இல்லாத உலகத்தைக் காட்டும் நூல், இருப்பது மாறக்கூடியதுதான் என்று காட்டிவிடுகிறது. என் மாணவிகளிடம் அல்லியையும் சுல்தானாவையும் நிலாவையும் சேர்த்தே கொடுக்கிறேன். படித்தவள் இன்னொருத்திக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது, முந்திரித் தோப்பு நிழலில் அக்காவுக்குச் சுல்தானாவின் கதையைத் தமிழில் சொன்னேன். சூரிய அடுப்பைக் கேட்டுச் சிரித்தார். ஆண்கள் வீட்டுக்குள் இருந்து பிள்ளை பார்ப்பதைக் கேட்டு இன்னும் சிரித்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் விரல்களைப் பார்த்தபடி கேட்டார்.

“அந்த ஊர்ல கொட்டைய யாரு உடைக்கிறாங்க?”

ரொக்கையா அதை எழுதவில்லை. எந்தக் கனவு நாட்டிலும் நான் அதைத் தேடியதில்லை. இப்போது எந்த நாவலை எடுத்தாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன். அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க.