வேலி ஆடாதோடையும் பீபராக் குளிசையும்



குளிர் தொடங்கிவிட்டால் எங்கள் வானொலித் தொலைபேசிக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை, ஊரிலிருந்து வந்த ஆடாதோடை இலை இருக்கிறது, அவித்துக் கொடுக்கலாமா?" நான் கணக்காளன், வைத்தியன் அல்ல. மருந்து சொல்வது என் வேலையும் அல்ல. ஆனால் அந்த இலையின் வரலாற்றைச் சொல்லலாம். நாங்கள் வாழும் இந்த ஜேர்மனிக்கும் அதில் ஒரு பெரிய பங்கு உண்டு.

ஊரில் வேலியோரம் நின்ற செடி அது. ஆடும் தொடாத கசப்பு, அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள் பெரியவர்கள். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் சூட்டிய 'ஜஸ்டீசியா அடதோடா' என்ற விஞ்ஞானப் பெயரின் பின்பாதி எங்கள் வீட்டுச் சொல்தான். சளிக்கும் இருமலுக்கும் முட்டுக்கும் அதை அவித்துப் பனங்கட்டியோடு குடிக்கத் தந்தார்கள்.

இந்த இலைக்குள் என்ன இருக்கிறது என்று இரசாயன முறையில் தேடியவர் டேவிட் ஹூப்பர் என்ற ஆங்கிலேயர். ஊட்டியில் அரசாங்கப் பணியில் இருந்தவர். சிங்கோனா மரப்பட்டையில் எவ்வளவு குயினைன் உண்டு என்று சோதிப்பதே அவருடைய தொழில். 1888இல் அவர் ஆடாதோடை இலையிலிருந்து பிரித்தெடுத்த காரப்பொருளைப் பற்றி எழுதினார். 'வாசா' என்ற வடமொழிப் பெயரை ஒட்டி அதற்கு 'வாசிசின்' என்று பெயர் வந்தது.

அதன் பின் கதை ஜேர்மனிக்கு வருகிறது. உல்ம் நகருக்குத் தெற்கே உள்ள பீபராக் என்ற சிறு நகரில் போறிங்கர் இங்கெல்ஹைம் குழுமத்தின் கார்ல் தோமே நிறுவனம் இயங்கியது. அங்குள்ள ஆய்வாளர்கள் வாசிசினை முன்மாதிரியாக வைத்து, ஆய்வுகூடத்தில் புதிய பொருளொன்றை உருவாக்கினார்கள். அதுதான் புரோம்ஹெக்சின். 1963இல் 'பிசொல்வோன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அது உடலுக்குள் போய் மாறும்போது கிடைக்கும் பொருட்களில் ஒன்று அம்புரொக்சோல். அதையே தனி மருந்தாக்கி 1970களின் இறுதியில் 'முக்கோசொல்வான்' என்று விற்றார்கள். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலும் அந்தக் குளிசையோ பாணியோ இருக்கக்கூடும். இரண்டுக்கும் வேலை ஒன்றே: கெட்டிச் சளியை இளக்கி வெளியேறச் செய்வது.

இதைக் கேட்டதும் "அப்படியென்றால் எங்கள் ஆச்சி சொன்னது சரிதான்" என்று மனம் பூரிக்கும். எனக்கும் பூரித்தது. ஆனால் வரவையும் செலவையும் ஒரே பக்கத்தில் எழுதக் கூடாது. சோதிக்கப்பட்டது குளிசை, இலை அல்ல. குளிசையில் உள்ள பொருள் இலையில் இல்லை. குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்று அளவு உண்டு. எங்கள் கசாயத்தில் எவ்வளவு வாசிசின் இறங்கியது என்று அடுப்படியில் யாராலும் சொல்ல முடியாது.

சோதித்த மருந்தும் பிழையற்றதல்ல. புரோம்ஹெக்சினும் அம்புரொக்சோலும் மிக அரிதாகக் கடும் ஒவ்வாமையையும் தோல் நோயையும் உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கையை, 2015இல் ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் மருந்துத் தாளில் சேர்க்கச் செய்தார்கள்.

இலைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும் என்று ஜம்மு நகர ஆய்வுகூடம் 1980இல் வெளியிட்டது. ஆகவே கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே வேண்டாம். பலருக்கும் தெரியாத செய்தி இதுதான்.

கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டில் விநியோகித்த கபசுரக் குடிநீரிலும் ஆடாதோடை சேர்ந்திருந்தது. டெல்லியிலுள்ள மரபணு ஆய்வு நிலையத்தினர், இலைச்சாறு எலிகளின் நுரையீரல் அழற்சியைக் குறைத்ததாக 2021இல் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் அது எலிகளில் கண்டது. எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீளமானது. ஹூப்பரின் சோதனையிலிருந்து பீபராக் குளிசைக்கு வரவே 75 ஆண்டுகள் சென்றன.

சளி இருமல் வேறு, இங்கே 'லுங்கன் என்ற்சுண்டுங்' என்கிறார்களே, அந்த நுரையீரல் அழற்சி வேறு. கடும் காய்ச்சல், வேகமான மூச்சு, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உட்குழிதல் இருந்தால், இலையும் வேண்டாம், பாணியும் வேண்டாம். உடனே டொக்டரிடம் போங்கள். டொக்டர் இல்லாத நேரம் 116117, மூச்சுத் திணறினால் 112. வீட்டில் கசாயம் ஏதும் கொடுத்திருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் எழுதித் தரும் பாணியின் பூர்வீகமே எங்கள் வேலிதான்.