கொங்கு நாட்டில் தந்தைவழி மரபு

கொங்கு நாட்டு வேளாளக் கவுண்டர்களிடையே பிள்ளைகளின் குலம் தந்தைவழியே அமைகிறது. ஒரே குலத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. சேவூர், அவினாசி வட்டாரத்தில் வரன் பேசுவோர் முதலில் விசாரிப்பது குலத்தைத்தான்.

தொடக்கச் சான்றுகள்: கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையை வரிசைப்படுத்துகிறது. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமண முனிவருக்குப் பாறையில் உறைவிடம் வெட்டித் தந்த செய்தி அது. ஏறத்தாழ இதே வாசகம் அம்மலையில் இரண்டு முறை வெட்டப்பட்டுள்ளது. பட்டத்துக்கு உரியவன் யார் மகன், யார் பேரன் என்பது அறக்கொடையுடன் சேர்ந்தே கல்லில் நிலைபெற்றுவிட்டது.

செல்லிரும்பொறையே சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்துத் தலைவனான செல்வக்கடுங்கோ வாழியாதன் என்பது பலர் கருத்து. ஆனால் அந்நூலின் பதிகங்களின்படி வாழியாதன் மகன் பெருஞ்சேரல் இரும்பொறை. இளஞ்சேரல் இரும்பொறையின் தந்தையோ குட்டுவன் இரும்பொறை. பெருங்கடுங்கோன், பெருஞ்சேரல் என்பனவும், இளங்கடுங்கோ, இளஞ்சேரல் என்பனவும் ஒருவருக்கே வழங்கிய இரு பெயர்கள் என்றும், கிளைகள் வேறு என்றும் கருதுவோர் உளர். கல்வெட்டு சொல்லாத தாய்மாரைப் பதிகங்கள் சொல்கின்றன: பெருஞ்சேரலைப் பெற்றவர் பதுமன்தேவி, இளஞ்சேரலைப் பெற்றவர் அந்துவஞ்செள்ளை.

ஒப்பீடு: விவிலியத்திலும் இயேசுவின் வம்ச வரிசைகள் முரண்படுகின்றன. யோசேப்பின் தந்தை மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியைச் சகோதரன் மணந்து, இறந்தவன் பெயருக்கு வாரிசு பெறும் யூத வழக்கைக் கொண்டு, ஒருவர் பெற்ற தகப்பன், மற்றவர் சட்டத் தகப்பன் என 3ஆம் நூற்றாண்டில் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் விளக்கினார். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோருக்கும் மத்தேயுவின் வரிசையில் இடம் உண்டு.

பிற்காலம்: பட்டயங்கள் குலங்களின் காணியுரிமையைக் குறிக்கின்றன. ஆந்தை, காடை, அந்துவன், பயிரன், தூரன் முதலாகக் குலங்கள் அறுபது என்பது வழக்கு, பட்டியல்கள் ஒத்துப்போவதில்லை. பறவைப் பெயர்கள் பழைய குலக்குறிகளாக இருக்கலாம்.

தந்தைவழி மரபிலும் உடன்பிறந்தாளின் உரிமை அறுவதில்லை. திருமணத்தின் இணைச்சீரில் கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையிடமும் மறுமுனை அவர் உடன்பிறந்தாளிடமும் இருக்கும். பிறந்த வீட்டுப் பெண்ணைத் தன் மகனுக்குக் கேட்கும் உரிமையை இச்சீர் உறுதிசெய்வதாக விளக்குவர்.

அண்மைக்காலம்: காங்கேயம் பகுதி உறவுமுறைகளைப் பிரெண்டா பெக்கின் 1972ஆம் ஆண்டு நூலும், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் கவுண்டர்களின் எழுச்சியைச் சரத் சாரியின் 2004ஆம் ஆண்டு நூலும் ஆராய்ந்தன. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தரும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்தது. குலம் மட்டும் தந்தைவழியே தொடர்கிறது.