மடக்கு மிதிவண்டி

மடக்கு மிதிவண்டி என்பது எளிதில் எடுத்துச் செல்லும் பொருட்டு, மடக்கக்கூடிய சட்டகத்துடன் அமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். வழமையான மிதிவண்டி ஏறத்தாழ 170–180 செ.மீ நீளமுடையதாதலால் சிறு மகிழுந்தின் டிக்கியில் அடங்காது. 20 அங்குலச் சக்கரங்கள் கொண்ட மடக்கு மிதிவண்டியோ, மடக்கியபின் ஏறத்தாழ 80 செ.மீ நீளமே இருக்கும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிஎஸ்ஏ நிறுவனம், பிரித்தானிய வான்குடைப் படையினருக்காக மடக்கு மிதிவண்டிகளைத் தயாரித்தது. தமிழ்நாட்டில், 1949இல் நிறுவப்பட்ட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் அம்பத்தூரில் (2018 வரை திருவள்ளூர் மாவட்டம்) மிதிவண்டித் தொழிற்சாலையை நடத்தியது. பிஎஸ்ஏ என்னும் அதே வணிகப் பெயரில் 'போல்டுமேன்' என்ற மடக்கு மிதிவண்டியையும் இந்நிறுவனம் விற்பனை செய்தது.

மகிழுந்தில் ஏற்றுதல்

மடக்க இயலாத மிதிவண்டியாயின், மகிழுந்தின் பின்னிருக்கையைச் சாய்த்து, முன்சக்கரத்தைக் கழற்றி, சங்கிலிப் பக்கம் மேலே இருக்குமாறு படுக்க வைத்து ஏற்றலாம். இத்தாலியரான துல்லியோ கம்பாக்னோலோ உருவாக்கிய நெம்புகோல் அச்சு பொருத்தப்பட்டிருப்பின், கருவி ஏதுமின்றிச் சக்கரத்தைக் கழற்றலாம்; நட்டு பூட்டிய வண்டிகளுக்கு ஸ்பேனர் தேவை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், சக்கரம் இல்லாதபோது பிரேக்கை அழுத்தலாகாது. அழுத்தினால் பிரேக் கட்டைகள் நெருங்கி, சக்கரத்தை மீண்டும் பொருத்துவது கடினமாகும்.

எம்முறையில் ஏற்றினாலும் மிதிவண்டியைக் கயிற்றால் இறுகக் கட்டுதல் இன்றியமையாதது. மகிழுந்து திடீரென நின்றால், கட்டப்படாத மிதிவண்டி நிலைமத்தின் காரணமாக அதே வேகத்தில் முன்னோக்கிச் சென்று பயணிகளைத் தாக்கக்கூடும்.